பூங்காவை முதலில் வரையுங்கள்

சென்ற வாரம் என் மேசைக்கு ஒரு புதிய குடியிருப்பின் வரைபடம் வந்தது. இந்த ஆண்டில் இப்படி வந்தது இது நான்காவது. 200-க்கும் மேற்பட்ட மனைகள், நேர்நேராகச் சாலைகள். எல்லாம் போட்டு முடித்தபின் ஒரு மூலையில், உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில், மிஞ்சிய முக்கோணம் ஒன்று. அதற்கும், எல்லைச் சுவரை ஒட்டி ஓடும் நாலு மீட்டர் அகலப் பட்டைக்கும் பச்சை வண்ணம் தீட்டிப் ‘பூங்கா’ என்று எழுதியிருந்தார்கள். “சதவீதம் சரியா வந்துடுச்சுங்க. நீங்க செடி மட்டும் போட்டுக் கொடுத்தா போதும்” என்றார் கொண்டுவந்தவர்.

மொத்த நிலத்தில் இத்தனை பங்கைப் பூங்காவுக்கு விட்டால் போதும் என்ற இந்தச் சதவீதப் பேச்சைத்தான் என்னால் இனியும் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரமும் ஒரு ஹெக்டேர்தான். 10 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும் பட்டையும் ஒரு ஹெக்டேர்தான். சதுரத்தின் சுற்றளவு 400 மீட்டர், பட்டையின் சுற்றளவு 2,020 மீட்டர். சதுரத்தின் நடுவில் நிற்பவருக்குச் சாலை 50 மீட்டர் தள்ளி இருக்கும். பட்டையின் நடுவில் நின்றால் ஐந்தே மீட்டரில் சுவரோ சாலையோ வந்துவிடும். குழந்தை உதைத்த பந்து நேரே வண்டிக்கு அடியில்தான் போகும். அதே நிலத்தைப் பத்துத் துண்டாக்கி மூலைக்கு ஒன்றாகப் போட்டாலும் சதவீதம் மாறாது. எவ்வளவு இடம் என்பதை மட்டுமே அது சொல்லும். என்ன வடிவம், எங்கே இருக்கிறது, ஒரு பாட்டி அங்கே நடந்து வர முடியுமா என்பதையெல்லாம் சொல்லாது.

நீளப் பட்டையே கூடாது என்று சொல்லவில்லை. வீடுகளையும் பள்ளியையும் பேருந்து நிறுத்தத்தையும் இணைத்து, இருபக்கமும் மரம் நின்றால் அதைப்போல நல்ல நடைவழி கிடையாது. சுவருக்குப் பின்னால் தொடங்கிச் சுவரிலேயே முடிந்தால்தான் அது வீண்.

வீட்டிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள், ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேர் முதல் ஒரு ஹெக்டேராவது பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் தரும் வழிகாட்டல். அதை நேர்க்கோட்டுத் தூரமாகச் சொல்கிறார்கள். நான் எப்போதும் நடக்கும் வழியில்தான் அளப்பேன். நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்தால் 300 மீட்டர் 700 ஆகிவிடும். சுற்றிலும் வீடுகளின் பின்சுவர்களே இருக்கிற பூங்காவில் இருட்டியபின் யாரும் உட்கார மாட்டார்கள். பூங்காவைப் பார்த்து ஜன்னலும் வாசலும் வையுங்கள். இரண்டு பக்கமாவது வழி விடுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. 1811-இல் மன்ஹாட்டனுக்குக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டவர்கள் பூங்காவுக்கு மிகக் குறைவான இடமே விட்டார்கள். 1850-களில் சென்ட்ரல் பார்க்குக்காக நிலம் எடுத்தபோது சுமார் 1,600 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பின மக்கள் சொந்த நிலம் வாங்கி வாழ்ந்த செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு அப்படியே அழிந்தது.

அடுத்தது மண். ஒரு குடியிருப்பில் நட்ட கன்றுகள் இரண்டாவது முறையும் பட்டுப்போய்விட்டன என்று என்னை அழைத்தார்கள். கடப்பாரையைப் போட்டேன். அரை அடியிலேயே ‘ணங்’ என்றது. செங்கல் துண்டு, இறுகிய சிமென்ட், ஒரு பெயின்ட் டப்பா மூடி. கட்டுமானம் முடியும்வரை லாரிகள் நின்ற இடம் அது. குழியில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. “உரத்தை மாத்திப் பார்க்கலாமா சார்?” என்று கேட்டார் தோட்டக்காரர். அவர்மேல் என்ன தப்பு?

ஆகவே கட்டுபவர்களே, வேலை தொடங்குமுன் மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவித்து வையுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். பூங்கா இடத்துக்கு முதல் நாளே வேலி போடுங்கள். ஒரு லாரிகூட உள்ளே போகக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு அடிமரத்தை ஒட்டி வேலி போட்டுப் பயனில்லை, கிளைகள் விரிந்த எல்லைக்கு வெளியே போடுங்கள். வேர் அதையும் தாண்டிப் போயிருக்கும்.

மழைநீர் தேங்கும் பள்ளமான இடத்தைப் பூங்காவுக்குத் தள்ளிவிடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சரியாகச் செய்தால் நல்லதுதான். சிங்கப்பூரின் பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி, 2012-இல் திறந்தார்கள். மழை வலுத்தால் நீர் பரவ இடம் உண்டு. மற்ற நாளில் மக்கள் கரையில் உட்காருகிறார்கள். செங்குத்துக் கரையும் கம்பிவேலியும் போட்ட குட்டையைத் தயவுசெய்து பூங்காக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களே, முன்பணம் கொடுக்குமுன் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பச்சை தீட்டிய இடத்தில் போய் நில்லுங்கள். தலைக்கு மேல் என்ன போகிறது? எத்தனை ஜன்னல்கள் இந்தப் பக்கம் பார்க்கும்? இந்த நிலம் யார் பெயரில் இருக்கும், ஐந்து ஆண்டு கழித்துத் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்த முக்கோண வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மனைக்கோடு ஒன்றுகூட இல்லாமல், நிற்கும் மரங்களும் மேடுபள்ளமும் மழைநீர் ஓடும் தடமும் மட்டும் குறித்த தாள் ஒன்றைக் கேட்டிருக்கிறேன்.