ரெப்போ மாற்றும்போது வரலாற்றையும் எடுத்துப் போங்கள், தயவுசெய்து

ரெப்போ என்பது கோடையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் கிட் என்ற கருவி சேர்த்து வைக்கும் இடம். அதை இடம் மாற்றும்போது வரலாற்றைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருவது இந்த வருடத்தில் இது மூன்றாவது. போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு தம்பிகள் நாகர்கோவிலில் என் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் வியாபாரி ஒருவருக்காக எழுதிய கொள்முதல் கணக்கு சாஃப்ட்வேர். பல வருடமாக ஓடுகிறது. இந்த மழைக்கு மட்டும் ரப்பர் ஷீட் எடையில் ஈரக் கழிவு, அதாவது ஈரத்துக்காகக் கழிக்கும் எடை, தப்பாக வருகிறதாம்.

கிட் லாக், அதாவது மாற்றங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தேன். ஜூன் மாதம் ஒரு தம்பி ஒற்றை இஃப் வரியை நீக்கியிருக்கிறார். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டேன்.

"யாரு எழுதினது, எதுக்குன்னு பிளேம் போட்டுப் பார்த்தேன் அண்ணே. இனிஷியல் கமிட்னு மட்டும்தான் வந்துது. தேவையில்லாத வரின்னு நினைச்சேன்."

கமிட் என்பது குறிப்போடு பதிவு செய்த ஒரு மாற்றம். ஒவ்வொரு வரியும் யாருடைய எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டுவது பிளேம். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் தேடத்தான் செய்திருக்கிறார், தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. மார்ச்சில் வேறு அக்கவுண்டுக்கு மாற்றியபோது, பழைய ரெப்போவை ஜிப்பாக இறக்கி, புதிதாக ஒன்று தொடங்கி, மொத்தத்தையும் ஒரே கமிட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கிட்ஹப் தளத்தில் இறக்கும் ஜிப்பில், வரலாறு இருக்கும் டாட் கிட் போல்டர் வராது. "லேட்டஸ்ட் கோட் முழுசும் இருக்கே அண்ணே" என்றார் மற்ற தம்பி.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வடசேரியில் மூன்று சென்ட் இடம் வாங்கப் போனால், விற்பவர் நேற்று எழுதிய பத்திரத்தை மட்டும் நீட்டினால் முன்பணம் கொடுப்போமா? மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டீர்களா என்று கேட்போம். நம் மாவட்டத்தில் திருவிதாங்கூர் காலத்து ஆவணம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து வாசிக்கச் சொல்வோம். இடம் இப்போது யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அவ்வளவு அலைச்சல். கோடும் அப்படித்தான். இன்று என்ன ஓடுகிறது என்பதைக் கோப்பைத் திறந்தாலே பார்க்கலாம். ஏன் இப்படி எழுதினார்கள், எந்தப் பிரச்சினைக்காக, யாரிடம் கேட்கலாம் என்பதெல்லாம் கமிட்டில்தான் இருக்கிறது. வரலாறு என்றால் பழைய கோடின் பேக்கப் என்று நினைக்காதீர்கள். இன்றைய கோடுக்கான விளக்கமே அதுதான்.

முறையாக மாற்றுவது இதைவிடச் சுலபம் என்பதுதான் வருத்தம். பழைய இடத்திலிருந்து 'மிரர்' சேர்த்து குளோன் (நகல்) எடுங்கள், புதிய காலி ரெப்போவுக்கு 'மிரர்' சேர்த்து புஷ் செய்யுங்கள் (ஏற்றுங்கள்). இரண்டே கட்டளை. சாதாரண குளோன் எடுத்து சாதாரண புஷ் செய்தால் நீங்கள் நிற்கும் பிராஞ்ச் (கோடின் ஒரு கிளை) மட்டும் போகும். மற்ற பிராஞ்சுகளும், வெளியிட்ட பதிப்புகளைக் குறிக்கும் ரிலீஸ் டேகுகளும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். புதிய ரெப்போவை உருவாக்கும்போது ரீட்மீ சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். பெரிய கோப்புகளைத் தனியாகச் சேமிக்கும் எல்எஃப்எஸ்ஸில் ஏதாவது வைத்திருந்தால் அவை மிரரோடு வராது. எல்லாவற்றையும் தனியாக ஃபெட்ச் செய்து தனியாகவே புஷ் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு, படத்துக்குப் பதில் அதைச் சுட்டும் மூன்று வரிச் சீட்டைப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய. இஷ்யூ (பிரச்சினைப் பதிவு), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது) விவாதங்கள் கிட்டுக்குள் கிடையாது. அவற்றுக்கு அந்தந்தத் தளத்தின் இம்போர்ட் வசதியைப் பாருங்கள்.

முடித்ததும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிராஞ்சின் கடைசி கமிட்டின் 40 எழுத்து எண்ணை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கமிட்டின் எண்ணும் தன் முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. பத்திரத்துக்குள் முன்பத்திர எண் எழுதியிருப்பதுபோல. கடைசி எண் ஒத்துப்போனால் அதன் பின்னால் இருக்கும் சங்கிலி முழுதும் அப்படியே வந்துவிட்டது.

கிட்டுக்கு முந்தைய கருவியான எஸ்விஎன்னில் இருப்பவர்கள் கிட் எஸ்விஎன் என்ற கட்டளை வழியாக வரலாம். அதற்கு முன் பழைய யூசர் நேம் ஒவ்வொன்றுக்கும் பெயர், மின்னஞ்சல் எழுதி ஒரு ஆத்தர்ஸ் ஃபைல் தயார் செய்யுங்கள். பாதி யூசர் நேம் யாருடையது என்று டீக்கடையில் உட்கார்ந்து பழைய ஆட்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த ஆட்கள் ஊரில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலர் டாட் கிட்டை வேண்டுமென்றே அழிக்கிறார்கள். என்றோ கமிட்டான டேட்டாபேஸ் டம்ப் ஒன்று 100 எம்பியைத் தாண்டியிருக்கும், கிட்ஹப் புஷ்ஷை மறுத்துவிடும். அந்த ஒரு கோப்புக்காக மொத்த வரலாற்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபில்டர் ரெப்போ என்ற கருவி அதை மட்டும் எல்லாக் கமிட்டுகளிலிருந்தும் எடுத்துவிடும். கமிட் எண்கள் மாறும், ஆகவே எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் உள்ளே மாட்டியிருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றிலிருந்து அழிப்பது அப்புறம்.

கிட்ஹப் போலக் கோடு வைக்கும் தளமான கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. இன்னொரு தளமான பிட்பக்கெட், கிட் போன்ற கருவியான மெர்க்யூரியலை 2020-இல் கைவிட்டது. இடம் மாறுவது நம் எல்லோருக்கும் வரும்.

தம்பிகள் பழைய ரெப்போவையும் அழித்துவிட்டிருந்தார்கள். முதலில் எழுதியவர் இப்போது வளைகுடாவில். தக்கலையில் அவர் வீட்டுப் பரணில் இருந்த லேப்டாப்பை அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்தார், "எடுத்திட்டுப் போ மக்களே" என்று. சாதாரணக் குளோனிலும் அதுவரைக்குமான கமிட்டுகள் முழுசாக இருக்கும் என்பதால் உயிர் பிழைத்தோம். அந்த இஃப் வரி இருந்தது. கமிட்டில் தமிழிலேயே எழுதியிருந்தார்: "பத்து கிலோவுக்குக் கீழே ஈரக் கழிவை முழு எண்ணாக்க வேண்டாம். மழை நேரத்தில் சின்ன விவசாயிக்குக் காசு குறைகிறது."

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். அந்த லேப்டாப்பில் 2022 வரைதான் இருந்தது. அதற்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்டவை போனதுதான். உங்கள் பழைய ரெப்போவை ஆர்க்கைவ் செய்து, யாரும் எழுத முடியாதபடி அங்கேயே விட்டு வையுங்கள். அழிக்க வேண்டாம்.