திறந்த அறிவியலா, திறந்தநிலை அறிவியலா?

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ‘ஓப்பன் சயின்ஸ்’ பற்றிய பயிலரங்கு. சுவரொட்டியில் ‘திறந்தநிலை அறிவியல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். நின்று படித்த மாணவர் ஒருவர் கேட்டார்: “இது கரஸ்ல படிக்கிற கோர்ஸா சார்?” அவர்மேல் தப்பில்லை. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த ஊரில் ‘திறந்தநிலை’ என்றாலே வீட்டிலிருந்து படிப்பதுதான்.

சரி, சொல்லின் பொருள் என்ன? ஆராய்ச்சிக் கட்டுரையை எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். இது முதல் படி. கட்டுரைக்கு அடியில் இருக்கும் அளவீடுகள், கணக்குப் போட்ட நிரல், ஆய்வு செய்த முறை எல்லாவற்றையும் பிறர் சரிபார்க்கவும் மறுபடி பயன்படுத்தவும் தோதாக வெளியே வைப்பது அடுத்த படி. 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரை இதில் சமூகவியல், மொழி, வரலாறு போன்ற துறைகளையும் சேர்த்தே பேசுகிறது. ஆங்கில ‘சயின்ஸ்’ தமிழ்த்துறைக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடும். அறிவு + இயல் என்று பிரித்தால் நம் சொல்லில் அவருக்கும் இடம் உண்டு.

பழக்கம் பழையது, பெயர்தான் புதிது. இயற்பியலாளர்கள் 1991 முதலே அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை ஆர்க்கைவ் தளத்தில் போட்டுவருகிறார்கள். அதன் இந்தியப் பிரதியை நம் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் பராமரித்தது. நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடுவதற்கு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998இல் மென்பொருள்காரர்களிடம் பிறந்தது. கட்டுரைகளைத் திறந்துவிடச் சொன்ன புடாபெஸ்ட் அறிக்கை 2002 பிப்ரவரி 14இல் வந்தது. ‘ஓப்பன் சோர்ஸ்’ஸை ‘திறந்த மூலம்’ என்று பெயர்த்தவர்கள் பட்ட பாடு தனி. மூலம் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் எந்த வியாதி நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம்தான் ‘திறமூலம்’, ‘திறவூற்று’ எல்லாம் வந்தன.

சிக்கல் ‘திற’ என்ற வினையில் இருக்கிறது. ‘கதவு திறந்தது’, ‘கதவைத் திறந்தான்’ இரண்டுக்கும் ஒரே வினைதான். அதனால் ‘திறந்த கதவு’ என்றால் தானாகத் திறந்ததா, யாராவது திறந்துவைத்ததா என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் சாவிக்கே ‘திறப்பு’ என்று பெயர். நாம் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிய ‘சாவி’யையே இன்னும் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறோம். ‘திறந்த மனம்’ பாராட்டு. ஆனால் திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையும் நம்முடையதுதான். பேராசிரியர்களிடம் தரவைத் திறந்து வையுங்கள் என்றால் அவர்கள் கண்ணில் தெரிவது இந்த இரண்டாவது வீடு. “நான் அஞ்சு வருஷம் சேர்த்ததை இன்னொருத்தன் எடுத்துக் கட்டுரை போட்டுட்டா?” நியாயமான பயம். எடுத்தவர் மூலவரின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்கிற உரிமம் இதற்காகத்தான். நோயாளிகளின் விவரம் போன்றவை பூட்டியே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இந்தத் திறப்பு யோசித்துச் செய்வது, கவனக்குறைவால் நேர்வது இல்லை.

வேறு சொற்களையும் போட்டுப் பார்த்தோம். ‘பொது அறிவியல்’ போட்டித் தேர்வுப் பாடமாகிவிடுகிறது. ‘இலவச’ என்று தொடங்கினால் தேர்தல் வாசனை அடிக்கும். தவிர, எழுதியவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு படிப்பவருக்கு மட்டும் திறந்துவிடும் இதழ்களும் உண்டே. ‘கட்டற்ற’ எனக்குப் பிடித்த சொல், விக்கிப்பீடியாவால் பழகியும் விட்டது. ஆனால் அது உரிமத்தைக் குறிக்கப் பொருந்துகிறது, ஆய்வு நடத்தும் முறையைக் குறிக்கப் போதவில்லை.

ஆகவே என் ஓட்டு ‘திறந்த அறிவியல்’ என்பதற்கே. ‘நிலை’ வேண்டாம். அதன் கிளைகளான ‘ஓப்பன் டேட்டா’, ‘ஓப்பன் ஆக்சஸ்’ இரண்டுக்கும் திறந்த தரவு, திறந்த அணுகல் போதும். ‘அணுகல்’ என்பதை ‘அணுக்கம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அதில் கல்பாக்கம்தான் தெரிகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துவைக்கும் ரெபாசிட்டரிக்குக் களஞ்சியம் இருக்கவே இருக்கிறது, நெல் கொட்டிவைத்த சொல், தரவுக்கும் இடம் கொடுக்கும்.

சுவரொட்டியை மாற்றி ஒட்டியாயிற்று. ‘ப்ரீபிரிண்ட்’டுக்குத்தான், அதாவது ஆர்க்கைவில் போடும் அந்த அச்சுக்கு முந்தைய கட்டுரைக்குத்தான், மனசுக்குப் பிடித்த சொல் இன்னும் அமையவில்லை. இதழே அச்சாகாத காலத்தில் ‘முன்அச்சு’ என்று எப்படி எழுதுவது? இப்போதைக்கு ‘முன்வரைவு’ என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.