ஒலிபுகா: பஞ்சுக்கு ஏன் இந்தப் பெயர்?

"ஒலிபுகா பஞ்சு ஒட்டியாச்சு, ஆனா பக்கத்து வீட்டு அக்கா இன்னும் திட்டுறாங்க." மலேசியாவில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் மாடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றிய நண்பர் ஒருவரின் புலம்பல் இது. இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களிலும் காணொளி விளக்கங்களிலும் இதே "ஒலிபுகா பஞ்சு"தான், அதாவது சுவரில் ஒட்டும் ஃபோம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பஞ்சின்மேல் தப்பில்லை. பெயர்தான் தப்பு.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் 'சவுண்ட்புரூஃப்' என்பதில் உள்ள 'புரூஃப்', சோதித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சோதனையைத் தாங்கிய கவசத்தை அப்படிச் சொன்னார்கள். பிறகு தண்ணீர், தீ, ஒலி என்று எதன் பின்னாலும் அது ஒட்டிக்கொண்டது. அதற்குச் சான்று என்ற பொருளும் உண்டு. அதனால் கவனமில்லாத மொழிபெயர்ப்புகளில் 'ஒலிச்சான்று அறை' என்றுகூடக் கண்ணில் படும். அதை விட்டுவிடுவோம், பாவம். ஒலி நம் பழைய சொல். சத்தம் வடமொழிச் சப்தத்திலிருந்து வந்தது. இரைச்சல் 'இரை' என்ற வினையடியில் பிறந்தது. இது போதும்.

இனி 'புகா'வுக்கு வருவோம்.

தமிழ் இந்தப் 'புரூஃப்' என்ற ஒட்டை ஒரே சொல்லால் சமாளிப்பதில்லை. குண்டு துளைக்கும், ஆகவே குண்டு துளைக்காத கார். தீ பிடிக்கும், ஆகவே தீப்பிடிக்காத துணி. காற்றுப் புகும், ஆகவே காற்றுப்புகாத டப்பா. பொருள் என்ன செய்கிறதோ அந்த வினையை மறுப்பதுதான் நம் வழக்கம். மலாயிலும் இரண்டு சொல் உண்டு: முறுக்கு டப்பாவுக்குக் 'கெடாப் ஊடாரா', மழைச்சட்டைக்குக் 'காலிஸ் ஆயர்'. ஒன்று கசியாமல் அடைப்பது, மற்றது தாக்குப்பிடிப்பது. அப்படியென்றால் ஒலி என்ன செய்கிறது என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? அதைக் கேட்காமலே டப்பாவின் சொல்லை எடுத்து அறைக்கு மாட்டிவிட்டார்கள்.

ஒலி புகுவது பாதிக் கதைதான். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் காற்றோடு சேர்ந்து ஒலியும் போகும், சரி. அதிலும் கணக்கு கொடுமையானது: சுவர் 50 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) தடுக்கக்கூடியதாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால் மொத்தத் தடுப்பு சுமார் 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஆனால் எல்லா ஓட்டைகளையும் அடைத்த பிறகும் ஒலி அந்தப் பக்கம் கேட்கும். ஏனென்றால் ஒலி மோதும்போது சுவரே அதிர்கிறது. அந்த அதிர்வு மறுபக்கக் காற்றை அசைத்து அங்கே புதிதாக ஒலியை எழுப்புகிறது. முறுக்கு டப்பாவின் மூடி காற்றை நிறுத்துகிறது. அதே மூடியில் தட்டினால் உள்ளே நன்றாகவே கேட்கும். 'புகா' என்றதும் ஓட்டையை அடைத்தால் போதும் என்ற படம் மனதில் விழுகிறது. கனம், அதிர்வு ஆகியவை அந்தப் படத்தில் வருவதே இல்லை.

அடுத்தது இலக்கணம். புகா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் முக்காலத்துக்கும் பொது: நேற்றும் புகவில்லை, இன்றும் புகவில்லை, நாளையும் புகாது. இவ்வளவு பெரிய உறுதிமொழியை எந்தக் கட்டடக் குத்தகையாளராவது எழுத்தில் தருவாரா? ஒலியைப் பொறுத்தவரை முழுத் தடை என்று ஒன்று இல்லை. சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், அவ்வளவுதான். எல்லாமே அளவு சார்ந்தது. அளவில் பேச வேண்டியதை ஆம், இல்லை என்று பேச வைக்கிறது இந்தச் சொல்.

அதைவிட மோசம், பஞ்சுக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. முக்கோண மேடும் பள்ளமுமாக, கறுப்பு நிறத்தில் விற்கிறார்களே, அந்தப் பஞ்சு ஒலியைத் தடுக்கவே தடுக்காது. அதற்குக் கனமே இல்லை. காற்று ஊடுருவக்கூடிய பொருள் அது. ஊடுருவும்போது ஒலியின் ஆற்றலில் கொஞ்சத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. அறைக்குள் எதிரொலி குறையும், வசனம் தெளிவாகக் கேட்கும். அதுவும் சுருதி உயர்ந்த ஒலிகளில்தான். 5 சென்டிமீட்டர் பஞ்சு சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 500 அதிர்வு) மேல்தான் நன்றாக உறிஞ்சும். கீழே போகப் போக அதன் பிடி தளர்ந்துகொண்டே போகும். தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் எழுப்பும் 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 10 மீட்டர். அந்த அலைக்கு 5 சென்டிமீட்டர் பஞ்சு ஒரு பொருட்டா? பக்கத்து வீட்டு அக்கா திட்டுவது வசனத்துக்காக அல்ல, அந்த 'டும் டும்'முக்காக.

இங்கே கடைக்காரர்களின் எண்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்று காட்டத் தரும் எஸ்டிசி என்ற மதிப்பு 125 ஹெர்ட்ஸில் தொடங்கி 4,000 வரைதான் பார்க்கிறது. திரைப்பட ஒலியில் சப்வூஃபருக்கென ஒதுக்கிய தடம் 120 ஹெர்ட்ஸோடு முடிகிறது. அதாவது அளவுகோல் தொடங்குவதற்கு முன்பே வில்லன் வேலையை முடித்துவிட்டான். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன. ஆக தெரஸ் வீட்டில் அந்தச் சுவர் ஓரளவு கனமானதுதான். ஓட்டை பெரும்பாலும் சன்னலிலும், உள்ளே வெறுமையான ஒட்டுப்பலகைக் கதவிலும், பிளாஸ்டர் சிலிங்குக்கு மேலும் இருக்கிறது. பஞ்சை ஒட்டுவதோ சுவரில்.

பெயர் தப்பினால் காசுதானே போகும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடையில் விட்ட வாணவேடிக்கை சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் பஞ்சில் பற்றியது. சத்தம் வெளியே போகிறது என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் ஒட்டிய பஞ்சு அது. தடுக்காத பொருளைத் தடுக்கும் என்று நம்பி ஒட்டியிருந்தார்கள்.

சரி, மாற்று என்ன? மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் 'ஒலிக்காப்பு' என்கிறார்கள். மின்காப்பு, வெப்பக்காப்பு இருக்கும்போது இதுவும் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. மின்காப்பு மின்சாரத்திடமிருந்து நம்மைக் காக்கிறது. தற்காப்பு தன்னையே காக்கிறது. ஒலிக்காப்பு எதைக் காக்கிறது? பழைய இசைத்தட்டுகளைப் பத்திரப்படுத்தும் அறை போலல்லவா கேட்கிறது! மலேசியாவில் காப்பு என்றாலே காப்புறுதி நினைவுக்கு வரும். ஸ்பீக்கருக்கு இன்சூரன்ஸ் எடுத்த மாதிரி. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் 'அரிதில் கடத்தி' எனக்கு மிகவும் பிடித்த சொல். 'கடத்தாது' என்று பொய் சொல்லாமல் 'அரிதில்' என்று அடக்கமாகச் சொல்கிறது. ஆனால் 'ஒலி அரிதில் கடத்திச் சுவர்' என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆகவே சுவருக்கும் கதவுக்கும் ஒலித்தடுப்பு. தடுப்பு என்றால் முயற்சி என்று நம் காதுக்குத் தெரியும். கோலாலம்பூரில் வெள்ளத் தடுப்புச் சுரங்கம் 2007 முதல் இருக்கிறது. அதனால் இனி வெள்ளமே வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சுக்கு ஒலியுறிஞ்சி, அல்லது பச்சையாக 'எதிரொலி உறிஞ்சும் பஞ்சு'. புகுவது, வெளியேறுவது என்ற திசைச் சிக்கலும் இதனால் தீரும். ஹோம் தியேட்டரில் இரண்டு திசையும் தொல்லைதான்: நம் வெடிச்சத்தம் வெளியே போகக்கூடாது, அடுப்படி பிளெண்டர் உள்ளே வரக்கூடாது.

அந்தப் பிளெண்டரைச் சொன்னதும் இன்னொன்று. வீட்டு இரைச்சலைக் குறைக்கும் வேலைக்கு 'ஒலிக்குறைப்பு' என்று எழுதுகிறார்கள். ஒலியைக் குறைப்பது ரிமோட்டின் வேலை! ஏர்கோன், புரொஜெக்டர் விசிறி, அவ்னிங் தகரத்தில் விழும் மாலை மழை, இவையெல்லாம் இரைச்சல். வேண்டியது ஒலி, வேண்டாதது இரைச்சல் என்று இரண்டு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக்குவது சோம்பல். பின்னணி இரைச்சல் 40 டெசிபல் இருக்கும் அறையில், படத்தின் மெல்லிய காட்சிகளுக்காக ஒலியைக் கூட்டிவைப்போம்; அடுத்த சண்டைக் காட்சியில் அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். இரைச்சலைக் குறைத்தால் ஒலியையும் குறைத்து வைத்துக் கேட்கலாம். 'ஒலிக்குறைப்பு' என்று எழுதினால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

'புகா' வகைச் சொல்லே கூடாது என்பதல்ல. உண்மையில் பேஸை, அதாவது அந்த 'டும் டும்' ஒலியைத் தடுக்க நினைப்பவர்கள் அறைக்குள் இன்னொரு அறை கட்டுவார்கள்: பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டம், அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, நடுவில் ராக்வூல் என்ற பாறையிழை. இந்த உள்சுவருக்கு 'இணைப்பு நீக்கிய சுவர்' என்று ஒரு பெயரைப் பார்த்தேன். 'தொடாச் சுவர்' என்றால் போதுமே. இங்கே அந்த ஈறுகெட்ட எதிர்மறை முழுக்கத் தகும்: அவசரத்தில் யாராவது நீளமான ஆணி ஒன்றை அடித்து இரண்டு சுவரையும் தொடவைத்துவிட்டால் அதிர்வு அதன் வழியே கடந்துவிடும், போட்ட காசில் பெரும்பகுதி வீண்.