எரிந்த கணக்கும் ஐந்து ஷில்லிங் ஓய்வூதியமும்

அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகள் அனைத்தும் 1922இல் எரிந்துபோயின என்கிறார்களே, அப்படியானால் அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் பாட்டன் பூட்டன்களை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியிலேயே ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அழிந்தவை 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு ஆண்டுகளின் ஏடுகள். அவற்றிலும் சில பகுதிகள் தப்பின. 1861, 1871ஆம் ஆண்டுப் படிவங்களை அரசே உத்தரவிட்டு அழித்திருந்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. ஆகவே பழியில் பாதியைத்தான் நெருப்பின் மீது சுமத்த முடியும். முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கு. அதற்கடுத்தது 1911ஆம் ஆண்டுக் கணக்கு.

வழக்கமான தேடலை எளிதாகச் சொல்லிவிடலாம். பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசு எல்லாச் சமயத்தாருக்கும் பதிவு செய்யத் தொடங்கியது 1864இல். அதற்கு முந்தைய காலத்துக்குக் கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களின்) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் கைகொடுக்கும். பலவற்றில் பெயர்கள் லத்தீனில் இருப்பதால் ஜேம்ஸ் என்பவர் யாகோபுஸ் ஆகியிருப்பார். 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டு ஏடுகள், எந்த நிலத்தை யார் வைத்திருந்தார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார் என்று காட்டுகின்றன. இவற்றில் தேடுவதற்கு மாவட்டப் பெயர் போதாது. ‘டவுன்லேண்ட்’ எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவின் பெயர் தெரிய வேண்டும். அத்தகைய பிரிவுகள் அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் கப்பலேறிய குடும்பங்களில்தான். அரசுப் பதிவு தொடங்குமுன்பே அவர்கள் போய்விட்டார்கள். கிரிஃபித் ஏட்டில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். வறிய மேற்குப் பகுதியின் பல பங்குகளில் பதிவேடுகளே தாமதமாகத்தான் தொடங்குகின்றன. ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன வயது என்பதைச் சொன்னவை 1841, 1851 கணக்குகள். அவைதான் எரிந்துவிட்டன.

இங்கேதான் என்னை எப்போதும் வியக்க வைக்கும் ஒரு வழி திறக்கிறது. 1908இல், அப்போது அயர்லாந்தையும் ஆண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியது; 1909 ஜனவரி முதல், எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. விண்ணப்பதாரர் வயதை நிரூபிக்க வேண்டும். ஆனால் 1839க்கு முன் பிறந்தவரிடம் பிறப்புச் சான்றிதழ் எப்படி இருக்கும்? 1839 ஜனவரி 6 இரவில் அயர்லாந்தைச் சூறையாடிய பெருங்காற்று தமக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிலைநாட்ட முயன்றவர்கள் உண்டு. 1901இல் ஐம்பத்தைந்து வயது என எழுதிய ஒருவர் 1911இல் எழுபது எனப் பதிந்திருப்பதைக் கண்டால் வம்சாவளி ஆய்வாளர்கள் திகைப்பதில்லை. பத்தாண்டுகளில் பதினைந்து வயது கூடியதற்குக் காரணம் இந்த ஐந்து ஷில்லிங்காகவும் இருக்கலாம், முன்பு தம் வயதையே சரியாக அறியாதிருந்ததாகவும் இருக்கலாம்.

சொல்லை நம்பிப் பணம் கொடுக்க அதிகாரிகளுக்கு மனமில்லை. எனவே, அப்போது பத்திரமாக இருந்த 1841, 1851 ஏடுகளில் தேடிப் பார்க்கும் முறை வந்தது. விண்ணப்பதாரரின் பெயர், தந்தையின் பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், சிறுவயதில் வாழ்ந்த டவுன்லேண்ட், பங்கு, மாவட்டம் ஆகியவற்றை ஒரு படிவத்தில் நிரப்பிக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த எழுத்தர் உரிய ஏட்டை எடுத்து, அந்த வீட்டைத் தேடி, கண்டதைப் படிவத்திலேயே குறித்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு குழந்தையின் வயது. ஆயினும் பல படிவங்களில் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அவரவர் வயதோடு எழுதிவைத்தார். சிலவற்றில் பெற்றோர் மணமுடித்த ஆண்டும் உண்டு, ஏனெனில் அந்தக் கணக்கெடுப்பு அதையும் கேட்டிருந்தது. ஏடுகள் எரிந்தன, படிவங்கள் எஞ்சின. இன்று அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடவும் பார்க்கவும் வைத்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு தேடல் உத்தி பிறக்கிறது. பாஸ்டனுக்குப் போன பூட்டியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், அவளை விட்டுவிட்டு, ஊரிலேயே தங்கி எழுபது வயது வரை வாழ்ந்த அவளுடைய தம்பியைத் தேட வேண்டும். அவர் ஓய்வூதியம் கேட்டிருந்தால், 1851இல் அவர் கைக்குழந்தையாக இருந்த வீட்டில் அவளும் ஒரு வரியாக இருக்கக்கூடும். தங்கியவர் தங்கையானால், படிவத்தைத் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும் தேட வேண்டும்.

டப்ளின் கடைகளில் குடும்பப் பெயருக்கு ஒன்றாக விற்கப்படும் குலச்சின்னத் தகடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அத்தகைய சின்னம் தனிமனிதருக்கு வழங்கப்படுவது. ஒரே பெயர் கொண்ட ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவானதன்று. அந்தத் தகட்டுக்குத் தரும் பணத்தால் ஒருவருடைய வம்சம் ஒரு தலைமுறைகூடப் பின்னே போகாது. மாறாக, 1901, 1911 கணக்குகளை அரசு பொதுப்பணத்தில் மின்னுருவாக்கி, கட்டணமின்றித் திறந்துவிட்டதை வரிப்பணத்தின் மிக நல்ல செலவுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக்கொண்டே ஆவணக் காப்பகங்களின் நிதியை வெட்டும் அரசுகள், 1909இல் ஏதோ ஓர் எழுத்தர் அலுப்போடு நிரப்பிய படிவத்தின் இன்றைய மதிப்பை எந்தக் கணக்கில் சேர்க்கும்?

தேடிக் கிடைக்காத படிவங்களும் வீணல்ல. ‘காணப்படவில்லை’ என்று எழுத்தர் திருப்பி அனுப்பியதிலும் மேற்பகுதி அப்படியே இருக்கிறது: பெற்றோரின் பெயர்கள், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சிறுவயது டவுன்லேண்ட். அந்த இடப்பெயர் ஒன்று போதும். அதைக்கொண்டு கிரிஃபித் ஏட்டையும் அதன் வரைபடத்தையும் திறந்து, தந்தை உழுத நிலம் எது என்று தேடத் தொடங்கலாம்.