ரெஸ்டோரர்னா யாரு, தமிழ்ல அவருக்கு என்ன பேரு?

பழைய ஓவியத்து மேல மஞ்சளாகிப்போன வார்னிஷை பஞ்சால ஒத்தி ஒத்தி எடுக்கறவரு, கீறல் விழுந்த படச்சுருளை ஸ்கேன் பண்ணி ஃபிரேம் ஃபிரேமா சரி பண்றவரு, கால் உடைஞ்ச பழைய நாற்காலிய அதே மாதிரி மரம் தேடி இணைக்கறவரு, இவங்க எல்லாருமே ரெஸ்டோரர்தான். தமிழ்ல எழுதும்போது நிறைய பேரு 'புதுப்பிப்பவர்'னு போட்டுட்டு போயிடறாங்க. எனக்கு அங்கதான் இடிக்குது, ஏன்னா பழசை புதுசாக்கறது அவங்க வேலையே இல்ல, அது பழசாவே நல்லா இருக்கணும்.

வேர் லத்தீன்ல இருக்கற ரெஸ்டௌராரே, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. ரெஸ்டாரன்டும் இதே வேர்தான். அது முதல்ல கடையோட பேரே இல்ல, உடம்பைத் தேத்தற சூப்போட பேரு, 18ஆம் நூற்றாண்டு பாரிஸ்ல அப்புறமாதான் கடைக்கும் ஒட்டிக்கிச்சு. பிரெஞ்சுல இன்னிக்கும் ஓவியம் சரி பண்றவருக்கும் ஓட்டல்காரருக்கும் ஒரே சொல்லுதான்!

ரிப்பேர் பண்றவருக்கு பொருள் ஓடினா போதும், எந்த ஸ்பேர் போட்டாலும் சரி. ரெஸ்டோரர் அப்படி இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 1964 வெனிஸ் சாசனம்னு ஒரு சர்வதேச ஆவணம் இருக்கு, நினைவுச்சின்னங்கள் விஷயத்துல அது இதை தெளிவா சொல்லுது, ஊகம் எங்க ஆரம்பிக்குதோ அங்க வேலைய நிறுத்திடணும்னு. ஸ்பெயின்ல போர்ஹாங்கற ஊர்ல ஒரு சர்ச் சுவத்துல இருந்த இயேசு ஓவியத்தை 2012ல ஒருத்தர் நல்ல மனசோட சரி பண்ணப் போயி அது வேற முகமாவே மாறி உலகமே சிரிச்சுச்சே, ஊகத்துல இறங்கினா அதான் நடக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். வடமொழி வழியா வந்த 'ஜீர்ணோத்தாரணம்' இருக்கு. ஜீர்ணம்னா தேஞ்சு போனது (அஜீரணத்துல இருக்கற ஜீரணமும் இதேதான்), உத்தாரணம்னா தூக்கி நிறுத்தறது. பொருள் கச்சிதம், ஆனா கோயில் வேலைய தாண்டி யார் வாயிலயும் வராது. கல்வெட்டுல 'புதுக்குப்புறம்'னு வரும், பழுது பாக்கறதுக்குன்னு எழுதி வெச்ச நிலம். அழகான சொல்தான், ஆனா புதுக்குறதுன்னாலே மறுபடி புதுசாக்கறதுன்னு தோணிடுது.

'மீட்டமைப்பாளர்'னு சொல்லலாமேன்னா, போன்ல ரீசெட்டுக்கு 'மீட்டமை'ன்னு போட்டு வெச்சிருக்காங்க, அதை அமுக்கினா எல்லாம் அழிஞ்சிடும், அப்படியே எதிர் அர்த்தம் ஆயிடுச்சு. அதனால ஓவியம், சினிமா, ஓலைச்சுவடிக்கெல்லாம் என் ஓட்டு 'மீட்டெடுப்பாளர்'க்குத்தான்.

நாற்காலி, கடிகாரம் மாதிரி கைவேலைக்கு 'செப்பனிடுநர்' நல்லா பொருந்தும். செப்பம்னா நேர்மை, கோணல் இல்லாம இருக்கறது, குறள்ல நடுவு நிலைமை அதிகாரத்துலயே 'செப்பம் உடையவன்'னு வருது. கோணினதை நேராக்கறதுதான் செப்பனிடறது, கூட எதையும் சேர்க்கறது இல்ல. எழுதும்போது ஓட்டுநர், இயக்குநர் மாதிரி '-நர்' போடுங்க, 'செப்பனிடுனர்' வேண்டாம்.