40 லிட்டர் கடல்

பவளங்கள் வாழும் கடல்நீரில் உப்பின் அளவு கிலோவுக்கு 35 கிராமை ஒட்டியே நிற்கும். கால்சியம் 410 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகு), மக்னீசியம் 1,280, பி.எச். (அமில-கார அளவு) 8.1 என்று மற்ற எண்களும் பெரிதாக அசைவதில்லை. வெப்பம்கூட மாதக் கணக்கில்தான் மெல்ல ஏறி இறங்கும். கடல் அவ்வளவு பெரியது என்பதால் எந்த மாற்றமும் அதில் கரைந்துபோய்விடுகிறது. பவளங்கள் இந்த நிதானத்துக்குப் பழகிய உயிர்கள்.

வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் 40 லிட்டர் உப்புநீரை நிரப்பி, அதில் பாறையும் பவளமும் இரண்டு மீனும் வைத்தால், அதே எண்கள் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே நகரத் தொடங்கும். சிறு தொட்டியைப் பராமரிப்பது என்றால் இந்த நகர்வின் வேகத்தைக் குறைப்பதுதான். மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் 3 பி.பி.எம். இருக்கும் தொட்டியிலும் பவளம் வளர்கிறது, 12 இருக்கும் தொட்டியிலும் வளர்கிறது. 12-ஐ ஒரே இரவில் 3-ஆக இறக்கும்போதுதான் அது சுருங்கிப்போகிறது. ‘சரியான’ எண்ணைத் துரத்துகிறவர்களின் தொட்டிகளைவிட, சுமாரான எண்ணிலேயே அசையாமல் நிற்கும் தொட்டிகள் நன்றாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் உப்பு. நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. 40 லிட்டரில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 1,400 கிராம் உப்பு. தினமும் ஒரு லிட்டர் ஆவியானால் மூன்றாம் நாள் அதே 1,400 கிராம் 37 லிட்டரில் இருக்கும். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம். கடலில் பார்க்கவே முடியாத வேகம் இது. ஆகவே இழந்த நீரை அன்றன்றே ஈடுகட்ட வேண்டும், அதையும் நன்னீரால் மட்டுமே ஈடுகட்ட வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டேதான் போகும். மிதவை பொருத்திய தானியங்கி நிரப்பி ஒன்று இருந்தால் நீர் சொட்டுச்சொட்டாக இறங்கி, மட்டம் அசையாமல் இருக்கும். சிறு தொட்டிக்கு முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், விலை உயர்ந்த விளக்கை அல்ல.

அந்த நன்னீர் ஆர்.ஓ. வடிகட்டியையும் அதன் பிறகு, மிச்சமிருக்கும் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் அயனி நீக்கும் பிசினையும் கடந்து வந்ததாக இருக்கட்டும். குழாய் நீரில் இருக்கும் சிறிதளவு பாஸ்பேட்டும் செம்பும் நீரோடு ஆவியாவதில்லை. ஒவ்வொரு நாளும் ஊற்ற ஊற்ற அவை தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லக்கூடியது. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். அதை வெறும் நீரில் பூச்சியம் பார்த்துச் சரிசெய்வதைவிட, 35 என்று குறித்த தர நீரில் சரிசெய்வது நம்பகமானது.

அடுத்தது அம்மோனியா. மீன்கள் தங்கள் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனி அவ்வளவு கெடுதல் செய்யாது, அம்மோனியா வாயு நஞ்சு. பி.எச். 7 உள்ள நீரில் நூற்றில் அரைப் பங்குதான் நச்சு வடிவம். பி.எச். 8.2 உள்ள உப்புநீரில் அது நூற்றில் ஏழு பங்கு அளவுக்கு ஏறிவிடுகிறது. நன்னீர்த் தொட்டியில் சமாளித்துவிடக்கூடிய அதே அளவு அம்மோனியா உப்புநீர்த் தொட்டியில் உயிரை வாங்குவது இதனால்தான்.

இதைத் தின்று தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த வேலை முழுவதும் பாக்டீரியாக்களுடையது என்றே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். 2005-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அம்மோனியாவை உண்டு வாழும் ஓர் ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியது. நைட்ரசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று அதற்குப் பெயர். ஆர்க்கியா, பாக்டீரியாவிலிருந்து முற்றிலும் வேறான உயிர்க்கிளை. அதைக் கண்டெடுத்த இடம் ஆழ்கடல் அல்ல, சியாட்டில் மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல் தொட்டி! அதன் உறவினர்கள் உலகக் கடல்களில் மிக ஏராளமாக வாழ்கின்றன என்பதும், அம்மோனியா மிகமிகக் குறைந்த நீரிலும் அவை அதைத் தேடிப் பிடித்துவிடும் என்பதும் பிறகு தெளிவாயின. ஒரு மீன்தொட்டி கடலின் நைட்ரஜன் கணக்கையே திருத்தி எழுத வைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டி ‘சைக்கிள்’ ஆக நான்கு முதல் ஆறு வாரம் ஆவது அதனால்தான். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் பூச்சியமான பிறகே மீன். இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்வதால், நீரை மாற்றினால் அவை போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. நுண்துளைகள் நிறைந்த பாறையின் உட்பகுதியில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் குடியேறி, நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் வைத்தே பவளங்களை வளர்க்க முடிந்ததை ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். இன்று ‘லைவ் ராக்’ என்று எல்லோரும் சொல்வதன் தொடக்கங்களில் ஒன்று அது.

ஆனால் சிறு தொட்டியில் பாறை மட்டும் எல்லா நைட்ரேட்டையும் தீர்த்துவிடாது. வாரம் பத்து சதவீத நீர் மாற்றம் என்பது பழகிப்போன அறிவுரை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வாரத்துக்கு 2 பி.பி.எம். நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத நீரை எடுத்தால் இருக்கும் நைட்ரேட்டில் பத்தில் ஒரு பங்குதான் வெளியேறும். நைட்ரேட் 10 இருக்கும்போது 1 போகிறது, 2 வருகிறது. ஆகவே ஏறும். அது 20-ஐத் தொடும்போதுதான் போவதும் வருவதும் சமமாகி, நீர் மாற்றுவதற்கு முன் 20, மாற்றிய பின் 18 என்று நின்றுவிடும். இதைக் குறைக்க வேண்டுமானால் வரவைக் குறைக்க வேண்டும், அதாவது தீவனத்தை. இல்லையென்றால் தொட்டியின் பின்பக்கப் பெட்டியில் கீட்டோமார்பா போன்ற பாசியை வளர்த்து, அவ்வப்போது அறுத்து எறியலாம். இரவில் அதற்கு விளக்கேற்றினால் பி.எச். இரவில் விழுவதும் ஓரளவு குறையும்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டால் பவளம் வெளிறும். காலியான இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் ஒருசெல் உயிர்கள் பழுப்பு நிறச் சளியாகப் படரும். நீரைச் சுத்தமாக்க ஆக்க அவை கூடும் என்பதுதான் பலரைக் குழப்புகிறது. சிறிதளவு நைட்ரேட்டும், 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை பாஸ்பேட்டும் இருக்கத்தான் வேண்டும்.

பவளத்துக்கு ஏன் நைட்ரேட், பாஸ்பேட் என்ற உரம் வேண்டும் என்று கேட்கலாம். பவளம் விலங்குதான், ஆனால் அதன் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் சர்க்கரை தயாரித்துப் பவளத்தின் உணவுத் தேவையில் பெரும்பகுதியைத் தருகின்றன. நீல ஒளியை அவை நன்றாகப் பயன்படுத்துவதால்தான் தொட்டி விளக்குகள் நீலமாக இருக்கின்றன. ஒளி மிகுந்துபோனால் பாசிக்குள் ஆக்சிஜன் நஞ்சாக மாறும் அளவுக்குக் கூடி, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. புது விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றுவதற்குக் காரணம் இது.

கல் பவளங்கள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்து அரகொனைட் என்னும் சுண்ணக் கல்லைக் கட்டுகின்றன. பகலில் இந்த வேலை இரவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் நடக்கிறது. இங்கே ஒரு கணக்கு முக்கியமானது. காரத்தன்மை (பெரும்பாலும் நீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு) ஒரு டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் சுமார் 7 பி.பி.எம். குறையும். கால்சியம் 410-இல் 7 போவது இரண்டு சதவீதம்கூட இல்லை, டெஸ்ட் கிட்டில் அது தெரியவே தெரியாது. ஆனால் 8 டி.கே.எச்.-இல் ஒன்று போவது எட்டில் ஒரு பங்கு. ஆகவே அடிக்கடி அளக்க வேண்டியது காரத்தன்மையை. இரண்டு நாள் இடைவெளியில், ஒரே நேரத்தில் அளந்து எழுதிவைத்தால் உங்கள் பவளங்கள் தினமும் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்த அளவை மட்டும் தினமும் சிறு பகுதிகளாகச் சேர்த்தால் போதும். மென்பவளங்களும் காளான் பவளங்களும் மட்டும் உள்ள தொட்டிக்கு இதற்குப் பெரும்பாலும் தேவையே இருக்காது, நீர் மாற்றமே ஈடுகட்டிவிடும். மக்னீசியத்தை மாதம் ஒருமுறை பார்க்கலாம். வளரும் சுண்ணப் படிகத்தின் மேல் மக்னீசியம் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. அது குறைந்தால் நீங்கள் ஊற்றும் கால்சியம் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரின் மேல் வெள்ளையாகப் படியும்.

வெப்பம் 25-26 டிகிரியில் நின்றால் நிம்மதி. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், 40 லிட்டரை 14 டிகிரிக்கு மேல் குளிரவைக்கும் அளவு பெரியது. ஆனால் நன்னீர்ச் செலவு கூடும்.

மின்வெட்டின்போது முதலில் தீர்வது ஆக்சிஜன். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 7-ஐக்கூட எட்டாது. இருட்டில் பவளங்களும் பாசிகளும் பாக்டீரியாக்களும்கூட அதைச் செலவழிக்கும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொத்தான் பவளங்கள் என்று விற்கப்படும் சோயாந்திட் வகையில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவற்றை வெட்டும்போது கையுறையும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்கவைக்கக் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

உயிர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொட்டியில் பிறந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். கல் பவளங்களின் பன்னாட்டு வணிகம், அழியும் அபாயமுள்ள உயிர்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. கோமாளி மீன்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் வளர்கின்றன. பங்காய் கார்டினல் மீன் இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்வது, அளவுக்கு மீறிப் பிடித்ததால் அங்கே அழிவின் விளிம்புக்கு வந்தது. ஆனால் ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்து, உருவம் முற்றிய குஞ்சுகளை வெளியே விடும் இனம் இது. மிதக்கும் இளம்புழுப் பருவம் இல்லாததால் வீட்டுத் தொட்டியிலேயே அதைப் பெருக்கிவிடலாம். குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலைத் தின்னும்.