“இந்தா, இதில தானே நேசரி”

காலை எட்டே முக்கால் இருக்கும். விபத்துப் பிரிவுக் கட்டிலில் நான்கு வயதுப் பெண்பிள்ளை. ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலை அப்பப்பாவின் துவாய் சுற்றியிருந்தது. அந்தக் காலின் செருப்பு இன்னும் சைக்கிள் சில்லுக்குள்தான் கிடக்கிறது என்றார் அவர். துவாயைத் தண்ணீரால் நனைத்து நனைத்து மெல்ல எடுத்தேன். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், குதிக்கால் தசைநாணை ஒட்டி, தோல் ஒரு வெற்றிலை அளவுக்குக் கிழிந்து மடிந்திருந்தது. மடிப்புக்குள் மண்ணும் கறுப்புக் கிறீசும். பிள்ளை அழுது களைத்து விக்கிக்கொண்டிருந்தாள். அப்பப்பாதான் அழுதார்.

“திடீரெண்டு சைக்கிள் இறுகினது டொக்டர். கல்லு ஏதோ எண்டு நினைச்சு இன்னும் ஊண்டி மிதிச்சிட்டன்.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “இந்தா, இதில தானே நேசரி. ரெண்டு ஒழுங்கைதான்.”

ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வசனத்தை மாற்றத் தேவையில்லை. நேசரிக்கு, அதாவது முன்பள்ளிக்குப் போகும் வழியில் காயப்பட்டு வரும் பிள்ளைகளின் அம்மா, அப்பா, மாமா, அம்மம்மா எல்லாரும் சொல்வது அதுதான். கொழும்புக்கு வெளிக்கிடும்போது எவ்வளவு யோசிக்கிறோம்! பக்கத்து ஒழுங்கை நேசரிக்கு யோசிப்பதில்லை. பக்கம் என்பதால் ஹெல்மெற் இல்லை. பக்கம் என்பதால் கரியரில் ஒரு துவாயை மடித்துப் போட்டுப் பிள்ளையை ஏற்றிவிடுகிறோம். பக்கம் என்பதால் எட்டரை நேசரிக்கு எட்டே இருபதுக்கு வெளிக்கிடுகிறோம். இதை எழுதத் தூண்டியது அந்தப் ‘பக்கம்’தான்.

சில்லுக்குள் கால் போவது எப்படி என்று முதலில் சொல்கிறேன். பெரிய ஆள் கரியரில் இருந்தால் கால் கீழே தொங்கும், அல்லது அகட்டி வைத்துக்கொள்வார். மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் கால் அவ்வளவு நீளமில்லை. குதிக்கால் சரியாகச் சில்லுக் கம்பிகளின் பக்கத்தில் வந்து நிற்கும். கால் வைக்க ஒரு பிடிமானமும் இல்லை. “காலை அகட்டி வைச்சிரு” என்று சொல்லிவிட்டு மிதிக்கிறோம். பிள்ளை நூறு யார் வரைக்கும் அகட்டி வைத்திருக்கும். பிறகு வேலியில் ஒரு ஓணான், மதிலில் ஒரு பூனை, எதிரே வரும் கூட்டாளி. திரும்பிப் பார்க்கும்போது கால் தானாக உள்ளே வரும். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது இன்னும் மோசம். வெயிலில் பிள்ளை தூங்கி விழும், காலை யார் அகட்டி வைப்பது?

கம்பி காலை இழுத்துக்கொண்டு போய் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்து நெரிக்கிறது. இங்கே நடப்பது ஒரு காயமல்ல, மூன்று. கம்பி வெட்டுகிறது. சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் சதை நசிகிறது. சில்லு சுற்றும் திசையில் தோல் அடியிலிருந்து உரிபடுகிறது. குதிக்காலைச் சுற்றித் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தையாகச் சதை கிடையாது. அதனால் நசிந்த தோலுக்கு இரத்தம் போவது குறைந்துவிடும். முதல் நாள் பார்த்தால் சிராய்ப்பும் வீக்கமும் போலத்தான் இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அந்த இடம் நீலமாகி, பிறகு கறுக்கும். கறுத்த தோல் செத்த தோல். அதை வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிய பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பந்தியை மட்டும் படித்தாலும் போதும் என்று நினைக்கிறேன். சில்லுக்குள் கால் போன பிள்ளையை, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி காட்டச் சொன்னால் கட்டாயம் காட்டுங்கள். எக்ஸ்றேயில் முறிவு இல்லை என்று சொன்ன பிறகும் காலுக்கு பிளாஸ்ரர் போட்டு உயர்த்தி வைக்கச் சொன்னால், அது வீண் வேலையில்லை. கால் அசையாமல் இருந்தால்தான் நசிந்த தோல் பிழைக்கும். எலும்பு வளரும் இடம் இந்த வயதில் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. அதில் பட்ட அடியும் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

கால் சில்லுக்குள் இருக்கும்போது என்ன செய்வது? சைக்கிளை அசையாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். காலை இழுக்காதீர்கள், சில்லை முன்னுக்கும் உருட்டாதீர்கள். சில்லு கொஞ்சம் பின்னுக்குப் போக, கால் சுகமாக வந்தால் சரி. வராவிட்டால் ஆரிடமாவது குறடு வாங்கிக் கம்பிகளை வெட்டுங்கள். கம்பிக்குப் பெரிய காசு இல்லை. பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, கொஞ்சம் அழுத்திப் பிடித்தபடி வாருங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை ஒன்றும் வேண்டாம். கோப்பித்தூள் அப்பிய காயத்தைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை படும் பாட்டை ஒருமுறை பார்த்தால் அந்தப் போத்தலைத் தொடமாட்டீர்கள். முறிவு நெரிவுக்கு எண்ணெய் போட்டு, மருந்துப் பத்து வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த வைத்தியத்தைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கிழிந்து நசிந்த தோலின் மேல் இறுக்கமான கட்டு போட்டால் மிஞ்சியிருக்கும் இரத்த ஓட்டமும் நின்றுவிடும். அது நான் கண்ணால் கண்டது. வரும்போது பிள்ளையின் கிளினிக் கார்ட்டையும் எடுத்து வாருங்கள். ஒன்றரை வயது ஊசி போட்டாயிற்றா, ஐந்து வயது ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துத்தான் ஏற்பு ஊசி தேவையா என்று முடிவெடுப்போம்.

இனி, வராமல் தடுக்கிற கதை. சைக்கிளை ஸ்ராண்டில் விடுங்கள். பிள்ளையைக் கரியரில் இருத்துங்கள். நீங்கள் பின்னால் போய்க் குந்தியிருந்து குதிக்கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விளங்கிவிடும். முந்தி லேடீஸ் சைக்கிள்களில் சேலை சிக்காமல் இருக்கப் பின் சில்லின் இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கும். சேலைக்குக் கட்டிய அந்த வலை எத்தனை பிள்ளைகளின் காலையும் காப்பாற்றியிருக்குமோ! இப்போது அதைக் கட்டுவார் அருமை. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற தடித்த பிளாஸ்ரிக் வலையை ஹாட்வெயாரில் வாங்கி, மட்காட் கம்பியோடும் சட்டத்தோடும் சேர்த்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினாலே போதும். பிள்ளையின் கால்விரல் நுழையாத கண் உள்ள வலையாகப் பாருங்கள். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிப் பின் அச்சின் பக்கம் கால் வைக்க இரண்டு கம்பிக்கட்டை பூட்டுங்கள். முதுகுச் சாய்வும் வாரும் உள்ள சின்னச் சீற் கிடைத்தால் இன்னும் நல்லது. செருப்பு வேண்டாம், குதியை மூடிய சப்பாத்துப் போடுங்கள். அம்மாமாருக்கு ஒரு சொல்: சோளகக் காற்றுக் காலத்தில் துப்பட்டாவைக் கழுத்தில் தொங்கவிட்டு சைக்கிளோ ஸ்கூட்டியோ ஓடாதீர்கள். முடிந்து இடுப்பில் கட்டுங்கள்.

ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இப்போது காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நின்றால் முன்னுக்குப் பிள்ளையை நிற்க வைத்து ஓடும் ஸ்கூட்டிகள்தான் வரிசையாக வரும். அம்மாவின் கைகளுக்கு நடுவில் நிற்பதால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் ஒரு நாய் குறுக்கே வந்து பிறேக் பிடித்தால் முதலில் போய் மோதுவது பிள்ளைதான். ஹாண்டில் வயிற்றில் இடித்தால் வெளியே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும். ஆகவே, விழுந்தெழும்பிய பிள்ளை வெளிறிப்போனாலோ, வயிறு நோகுது என்றாலோ, சத்தி எடுத்தாலோ பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. ஸ்கூட்டியை நிற்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டபடி ஆசிரியையோடு கதைப்போம். முன்னுக்கு நிற்கும் பிள்ளை அக்சிலேற்றரைப் பிடித்து முறுக்கும். அது பிள்ளையின் குழப்படி இல்லை. அப்பா செய்வதைத்தான் பிள்ளையும் செய்கிறது. ஸ்கூட்டி பாய்ந்து மதிலில் மோதியதும், வாய்க்காலுக்குள் போனதும் எனக்குத் தெரியும். நின்றவுடன் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டுங்கள், பிறகு பிள்ளையை இறக்குங்கள். இறக்குவது இடப்பக்கத்தால். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. சைலன்சர் சுட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

ஹெல்மெற் பிள்ளையின் தலைக்கு அளவாக இருக்க வேண்டும். அப்பாவின் ஹெல்மெற்றைப் பிள்ளைக்குக் கவிழ்த்தால் விழும்போது முதலில் கழன்று போவது அதுதான். வாரைப் பூட்டிய பிறகு நாடிக்குக் கீழே இரண்டு விரல் போகலாம், மூன்று போகக்கூடாது. ஓட்டோவில் அனுப்புவோர் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று ஒருநாள் நின்று எண்ணிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு கிலோமீற்றருக்குள் நேசரி என்றால் நடந்து போவதே மேல். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது இருபது நிமிட நடை. ஆனால் நடையிலும் கண் வேண்டும். நாங்கள் வாகனம் ஓடுவது இடப்பக்கம், ஆகவே நடைபாதை இல்லாத றோட்டில் வலக்கரையால் வாகனத்துக்கு முகம் கொடுத்து நடக்க வேண்டும். பிள்ளை வேலிப் பக்கம், நீங்கள் றோட்டுப் பக்கம். விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள், விரல் வியர்வையில் வழுகும். ஒழுங்கை முடக்குகளில் முன்பு கிடுகு வேலியும் கதியால் வேலியும் இருந்தன, இடுக்கால் ஓரளவு தெரியும். இப்போது ஆறடி மதில். ஒரு மீற்றர் உயரப் பிள்ளையை எந்தச் சாரதிக்குத் தெரியப்போகிறது? முடக்கில் நீங்கள் முதலில் எட்டிப் பாருங்கள்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்தாருக்கு ரயில் பாதையும் இருக்கிறது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. அதற்கு முன் இருபத்துநான்கு வருடம் அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. ஒரு தலைமுறை தண்டவாளத்தைப் பார்க்காமலே பெற்றோராகிவிட்டது. மணி அடிக்கிறதோ இல்லையோ, கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கடக்க வேண்டும். காதில் கைபேசி இருக்கக்கூடாது.

நேசரி விடும் நேரத்தைப் பற்றி எனக்கு நிறையப் பயம் உண்டு. அப்பா றோட்டின் எதிர்ப்பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி “வா செல்லம்” என்று கை காட்டுவார். படலைக்குள் நிற்கும் பிள்ளைக்கு அப்பா மட்டும்தான் தெரிவார், நடுவில் இருக்கும் றோட்டு தெரியாது. தயவுசெய்து கூப்பிடாதீர்கள். இறங்கி, றோட்டைக் கடந்து, படலைக்குள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். ஆசிரியைமார் ஆளைக் கண்டு ஆளிடம் ஒப்படைக்கும் வரை படலையைச் சாத்தி வைத்தால் பெரும் உதவி.

அந்தப் பெண்பிள்ளையின் தோல் ஒரு பெருவிரல் அளவுக்குக் கறுத்து உதிர்ந்தது. மருந்து கட்டிக் கட்டி, ஒட்டாமலே ஆறிவிட்டது. ஏழாவது கிழமை கிளினிக்குக்கு அப்பப்பாவோடு வந்தாள். அவர் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் பச்சை வலை கட்டியிருந்தார், வந்து பார்க்கச் சொன்னார், போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் பிள்ளை ஏற மாட்டேன் என்கிறாளாம். இப்போது ஏழு ஐம்பதுக்கே வெளிக்கிடுகிறார்கள். அப்பப்பா ஒரு கையால் சைக்கிளை உருட்டுகிறார், மற்றக் கையில் அவளின் மணிக்கட்டு. கரியரில் அவளின் பையும் குடையும் போகின்றன.